சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கிலோமீட்டரா, 16,700 கிலோமீட்டரா?

கேள்வி இது: சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? ஓரிடத்தில் 15,349 என்றும், வேறோரிடத்தில் 16,700 என்றும், இன்னோரிடத்தில் 8,288 என்றும் போட்டிருக்கிறது. நேரமும் 18 மணி, 19½ மணி என்று மாறுகிறது. புறப்படும், இறங்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்தால் போவதற்கு ஐந்தரை மணி நேரமும், திரும்புவதற்கு ஒன்றேகால் நாளுக்கு மேலும் வருகிறது. எதை நம்புவது?

தூரமாகச் சொல்லப்பட்ட மூன்று எண்களுமே சரி. மூன்றும் வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன, அவ்வளவுதான். 15,349 என்பது பூமியின் பரப்பில் இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய பாதையின் நீளம், கிலோமீட்டரில். 8,288 என்பது அதே நீளம், கடல் மைலில். 16,700 என்பது விமானம் உண்மையில் பறக்கும் பாதையின் ஏறத்தாழ நீளம். 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவார்க்குக்கு இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சொன்ன எண் அது. நியூவார்க்கும் ஜேஎஃப்கேயும் முப்பது கிலோமீட்டர் சொச்ச இடைவெளியில்தான் இருக்கின்றன என்பதால் இங்கேயும் பொருந்தும். 19½ மணி என்பது மட்டும் தவறான சூத்திரத்தால் வந்தது. அது எப்படி வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். தூரத்தைச் சில கிலோமீட்டர் பிசகுக்குள் யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுவிடலாம். அது என்றைக்கும் மாறாது. நேரம் அப்படியல்ல. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. நேரத்துக்கு ஒரே எண்ணைத் தேடுவதைவிட எந்த எல்லைக்குள் வரும் என்று பார்ப்பதே சரி.

முதலில் தூரம்

எந்த நிலையம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊர்ப்பெயரை நம்பக் கூடாது. நியூயார்க் என்ற ஊர்க்குறியீட்டுக்குள் ஜேஎஃப்கே, நியூவார்க், லகார்டியா என மூன்று நிலையங்கள் அடங்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி உண்டு. கலிபோர்னியாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் ஆளுக்கொரு சான் ஹோசே உண்டு. பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளக்கும் கணிப்பான்களும் இருக்கின்றன. பெரிய நகரங்களில் நிலையம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்பதால் இரண்டு தளங்களின் விடைகள் கொஞ்சம் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்து ஆயங்கள், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும். சாங்கி: வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகை. ஜேஎஃப்கே: வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகை. கணக்கில் மேற்கும் தெற்கும் கழித்தல் குறியோடு வர வேண்டும், அதாவது −73.78. இந்தக் குறியை விட்டுவிட்டால் விடை சுமார் 5,320 கி.மீ. என்று வரும். உண்மைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு! சுயமாக விரிதாளில் கணக்குப் போடுபவர்கள் செய்யும் முதல் தவறு இது. இரண்டாவது தவறு, பாகை–கலை–விகலையில் இருப்பதை அப்படியே தசமமாக எழுதிவிடுவது. 40 பாகை 38 கலை என்பது 40.38 அல்ல, 40.63. இதனால் கால் பாகை தவறும். தரையில் அது 28 கிலோமீட்டர் ஆகும்.

பூமியை உருண்டையாக எடுத்துக்கொண்டால் சூத்திரம் எளியது:

கோசைன்(கோ) = சைன்(அ1) × சைன்(அ2) + கோசைன்(அ1) × கோசைன்(அ2) × கோசைன்(தீ)

அ1, அ2 இரண்டு இடங்களின் அட்சரேகைகள். தீ என்பது தீர்க்கரேகைகளின் வித்தியாசம். கோ என்பது பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள கோணம். அதை 111.195ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு பாகைக்கு வரும் நீளம் அது. இங்கே தீ 177.77 பாகை, கோ 137.95 பாகை, தூரம் 15,340 கி.மீ. விரிதாளில் செய்தால் பாகைகளை முதலில் ரேடியனாக மாற்ற வேண்டும், கிடைக்கும் கோணத்தை மறுபடி பாகையாக்க வேண்டும். மாற்றாமல் போட்டால் விடை நம்பும்படியான ஓர் எண்ணாகவே வந்து நிற்கும், ஆனால் முழுத் தவறாக இருக்கும். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளுக்கு இந்தச் சூத்திரத்தில் தசமத் துல்லியம் குறையும் என்பதால் அங்கே ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துவார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தரும்.

15,340க்கும் 15,349க்கும் இடையே 9 கி.மீ. எங்கிருந்து வந்தது? பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டு ஆரம் 6,378.1 கி.மீ., துருவ ஆரம் 6,356.8 கி.மீ. அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 15,349. உருண்டைக் கணக்கின் பிசகு பொதுவாக அரை விழுக்காட்டைத் தாண்டாது. அதையும் போக்க 1975இல் வின்சென்டி தந்த முறை இன்றும் பல கணிப்பான்களில் ஓடுகிறது. ஆனால் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள புள்ளிகளுக்கு அது விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2013இல் கார்னி வெளியிட்ட முறையில் அந்தக் குறை இல்லை. பயணத் திட்டத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. இரண்டு தளங்களில் ஏன் சில கிலோமீட்டர் வேறுபடுகிறது என்று கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.

இந்த இரண்டு நிலையங்களுக்குச் சூத்திரம்கூட இல்லாமல் ஒரு குறுக்குவழி உண்டு. தீர்க்கரேகை வித்தியாசம் 180 பாகைக்கு மிக அருகில் இருக்கிறது. அதாவது நியூயார்க், சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ‘மறுபக்கத்து’ தீர்க்கரேகையில் இருக்கிறது. அப்படியிருந்தால் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 90 − 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து ஜேஎஃப்கேக்கு 90 − 40.64 = 49.36 பாகை. கூட்டினால் 138. அதை 111.195ஆல் பெருக்கினால் 15,345 கி.மீ. காகிதத்தின் ஓரத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கு, நான்கு கிலோமீட்டர்தான் பிசகுகிறது. உண்மையான குறுகிய பாதை துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. விலகிச் செல்கிறது.

தட்டையான உலக வரைபடத்தில் இதை நம்பவே முடியாது. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது பசிபிக்கையோ இந்தியப் பெருங்கடலையோ குறுக்கே வெட்டும். வட துருவத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. உருண்டை ஒன்றில் நூலை இழுத்துப் பிடித்தால் சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக், கனடா என்று அது போகும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வளைவாகத் தெரிவது வரைபடத்தின் குறை, பாதையின் குறை அல்ல.

அலகு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விமானத் துறை கடல் மைலில் பேசும்; ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அமெரிக்கத் தளங்கள் சாதாரண மைலில் போடும்; அது 1.609 கி.மீ. இந்தத் தூரம் 15,349 கி.மீ., 9,537 மைல், 8,288 கடல் மைல். 8,288ஐச் சாதாரண மைல் என்று எடுத்துப் பெருக்கினால் 13,338 கி.மீ. வரும், இரண்டாயிரம் கிலோமீட்டர் காணாமல் போய்விடும். ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்க்காமல் மாற்றாதீர்கள்.

பிறகு ஏன் 16,700?

குறுகிய பாதையில் விமானம் போவதில்லை. இங்கே 1,350 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட 9 விழுக்காடு கூடுகிறது. வழக்கமான நீண்ட பயணங்களில் இது இரண்டு முதல் ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். இந்தப் பாதையில் இவ்வளவு கூடுவதற்குக் காரணங்கள் பல. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

முதலாவது வான்பரப்பு அனுமதி. ஒரு நாட்டின் மேலே பறக்க அந்த நாடு ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டணமும் உண்டு. வகுத்த நுழைவுப் புள்ளிகள் வழியாகத்தான் நுழையவும் முடியும். இதன் வீரியம் 2022இல் எல்லோருக்கும் தெரிந்தது. ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானம் துருவத்தைச் சுற்றிச் சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள சுமார் 7,800 கி.மீ. தூரத்தில் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. தூரம் வேறு, நேரம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது தரை. நமது பெருவட்டப் பாதை திபெத்தியப் பீடபூமியின் கிழக்கு விளிம்பை ஒட்டிப் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் சுமார் 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு, இறங்கியாக வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பல விமானங்களில் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். கீழே தரையே 4,000 மீட்டருக்கு மேல் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் அங்கே தப்பும் வழிகளை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கும் விமானங்கள் மட்டும் போகும்; மற்றவை விலகிப் போகும்.

மூன்றாவது, மாற்று நிலையங்கள். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்ட வேண்டும். ஏர்பஸ் ஏ350க்கு அந்த எல்லை 370 நிமிடம் வரை, போயிங் 787க்கு 330 நிமிடம் வரை சான்றளிக்கப்பட்டிருக்கிறது. பழைய ரகங்களில் பலவற்றுக்கு 180 நிமிடம்தான். எல்லை எவ்வளவு குறைவோ, கடல் நடுவே பாதை அவ்வளவு வளைய வேண்டும். மாற்று நிலையம் வரைபடத்தில் இருந்தால் போதாது. அந்த நேரத்தில் திறந்திருக்கவும் வேண்டும், வானிலையும் ஒத்துவர வேண்டும்.

துருவக் குளிர் இன்னொன்று. ஜெட் ஏ–1 எரிபொருள் −47 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ இன்னும் முன்னதாகவே, −40இல். ஆகவே வடக்கே மிகக் குளிர்ந்த காற்றில் நீண்ட நேரம் பறக்கும்போது தொட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் தாழ இறங்கவோ வேகத்தைக் கூட்டவோ வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் நிலையத்தைச் சுற்றி வகுத்த வழித்தடத்தில் வளைந்து போவதற்கு ஐம்பது, நூறு கிலோமீட்டர் சேரும் என்பது எல்லாப் பாதைகளுக்கும் பொது.

எல்லாவற்றையும்விடப் பெரியது காற்று. காற்று சாதகமாக இருந்தால், நீண்ட பாதை குறுகிய பாதையைவிடச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். இது முரணாகத் தோன்றினாலும் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. விமானம் நகர்வது காற்றுக்குள்ளே. அந்தக் காற்றே நகர்ந்தால் விமானத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

நேரத்தைக் கணக்கிடும் முறை

நீண்ட தூர விமானங்கள் மாக் 0.85 வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில், போகின்றன. ஏ350, 787 இரண்டும் அப்படித்தான். ஏ330க்கு 0.82. குறுகிய, நடுத்தரத் தூரத்துக்கான ஏ320, 737 வகைகளுக்கு 0.78 போல. பறக்கும் உயரத்தில் காற்றின் வெப்பம் −56 பாகை அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. ஆக மாக் 0.85 என்றால் மணிக்குச் சுமார் 900 கி.மீ., 0.78 என்றால் சுமார் 830.

அதற்காகத் தூரத்தை 900ஆல் வகுத்து நிறுத்திவிடாதீர்கள். பெருவட்டத் தூரத்தை வைத்துக்கொண்டு நேரம் காண நான் பரிந்துரைப்பது இது: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேருங்கள். 850 என்பது விமானத்தின் வேகம் அல்ல. 900இலிருந்து, பாதை வளைவுக்காக ஏறத்தாழ 6 விழுக்காடு கழித்தது. அரை மணி நேரம் என்பது வாயிலிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்துபோகும் 15–20 நிமிடம், இறங்கிய பின் வாயிலுக்கு வரும் 5–10 நிமிடம், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் போகும் சில நிமிடங்கள். பயணச்சீட்டில் உள்ளது வாயிலிலிருந்து வாயிலுக்கான நேரம்; துறையில் அதைப் பிளாக் டைம் என்பார்கள். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை உள்ள நேரம் அதைவிடக் குறைவு. இரண்டையும் கலந்து ஒப்பிடுவதால் அரை மணி நேரம் ‘கூடுதலாக’ இருப்பதுபோல் தோன்றும்.

சரிபார்ப்போம். 15,349ஐ 850ஆல் வகுத்தால் 18.06, அரை மணி சேர்த்தால் 18 மணி 34 நிமிடம். நியூவார்க் சேவை தொடங்கியபோது அறிவித்தது 18 மணி 45 நிமிடம் வரை. பெர்த்–லண்டன் 14,499 கி.மீ.; கணக்கில் 17 மணி 33 நிமிடம், நடப்பில் பதினேழே கால் மணியை ஒட்டியும் சற்றுக் கூடவும். நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கி.மீ.; கணக்கில் ஏழு மணி. நடப்பில் கிழக்கு நோக்கி ஏழு மணிக்குச் சற்று முன்பின், மேற்கு நோக்கி எட்டு மணி வரை.

இப்போது அந்த 19½ மணிக் கதை. பல தளங்கள் எல்லாத் தூரத்துக்கும் மணிக்கு 500 மைல் என்று வைத்து வகுத்து அரை மணி சேர்க்கின்றன. 500 மைல் என்றால் 805 கி.மீ. சில நூறு கிலோமீட்டர் பயணத்தில் அது தெரியாது, 15,349 கி.மீ.யில் 19 மணி 34 நிமிடம் ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம் அதிகம். மறுபக்கம், 1,500 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 850ஐப் பயன்படுத்தினால் நேரம் குறைந்து காட்டும். விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடுவதால் முழு வேகத்தில் போகும் நேரம் கொஞ்சம்தான். அங்கே 750 பொருந்தும்.

காற்று எவ்வளவு மாற்றும்?

நடு அட்சரேகைகளில், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் அப்படித்தான். மணிக்கு 100–200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் பின்காற்றைப் பிடித்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அது ஒலியை மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் போனது.

போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது நட்டத்தோடு சரிக்கட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரிக்கட்டாது. 9,000 கி.மீ., விமான வேகம் 900, காற்று 100 என்று வைப்போம். காற்றில்லாமல் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. காற்றோடு போக 9 மணி, எதிர்காற்றில் வர 11¼ மணி, மொத்தம் 20¼. எதிர்காற்றில்தான் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் எப்போதும் நட்டமே மிஞ்சும்.

கைக்கணக்குக்கு: நடு அட்சரேகையில் கிழக்கு–மேற்காக 5,000 கி.மீ. பறந்தால், கிழக்கு நோக்கி ஏறத்தாழ கால் மணி கழியுங்கள், மேற்கு நோக்கி முக்கால் மணி வரை சேருங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம். வடக்கு–தெற்காகவோ நடுக்கோட்டை ஒட்டியோ போகும் பயணங்களுக்கு இந்தத் திருத்தம் வேண்டாம். அங்கே போவதும் வருவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிங்கப்பூர்–நியூயார்க் பாதையின் அழகு இங்கேதான் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர் தீர்க்கரேகையில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்று. ஆகவே சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் வட பசிபிக்கின் ஜெட் காற்றோட்டத்தைப் பிடித்துக் கிழக்காகப் போகலாம். நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்காகவே போகலாம். அப்படிப் போனால் போய்வரும் பயணத்தில் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள், இரு வழியிலும் பின்காற்றோடு. பெரும்பாலான பாதைகளுக்கு இந்த வாய்ப்பில்லை. எந்த நாளில் எந்தப் பக்கம் என்பதை அன்றைய காற்று முன்னறிவிப்பு, வான்பரப்பு நிலவரம் இரண்டையும் பார்த்துப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவு செய்கிறார்கள்.

16,700 கி.மீ.யையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். காற்றே இல்லாமல் 900ஆல் வகுத்தால் 18 மணி 33 நிமிடம்; தரையில் ஊர்வது முதலானவற்றுக்கு அரை மணி சேர்த்தால் 19 மணியைத் தாண்டும். 18¾ மணிக்குள் வர வேண்டுமென்றால் வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 15 கி.மீ. பின்காற்றாவது கிடைக்க வேண்டும். நல்ல நாளில் 40 கிடைத்தால் 18¼ மணி. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தி வருவது இப்படித்தான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால்தான் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் போகுமா என்றும் கேட்பார்கள். இல்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானமும் புறப்படும் முன்பே அந்தச் சுழற்சியில் இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் உருவாவதில் சுழற்சிக்குப் பங்குண்டு, அவ்வளவுதான்.

எல்லா விமானமும் ஏன் போக முடிவதில்லை?

எரிபொருள்தான் காரணம். இந்தச் சேவைக்கென வந்த, மிக நீண்ட தூரம் பறக்கும் ஏ350–900 யுஎல்ஆர் ரகத்தில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். சாதாரண ஏ350–900ஐவிடச் சுமார் 24,000 லிட்டர் அதிகம். இருக்கைகளோ 161தான், பிசினஸ், பிரீமியம் எகானமி மட்டும், சாதாரண எகானமி கிடையாது. தூரம் கூடக் கூட எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் போகிறது: கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னிலும் மணிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு அதைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும். 18 மணி நேரப் பயணத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். பயணத்துக்கான எரிபொருளோடு, எதிர்பாராத தேவைக்கு ஒரு பங்கு, மாற்று நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதன் பிறகும் 30 நிமிடம் வட்டமிட ஒரு பங்கு கட்டாயம் இருக்க வேண்டும். எதிர்காற்று மிகுந்த நாளில் சரக்கைக் குறைப்பதும், சில சமயம் இருக்கைகளைக் காலியாக விடுவதும் இதனால்தான்.

வழியில் ஒரு நிலையத்தில் இறங்கிப் போவதென்றால் தூரம் பலரும் நினைக்கும் அளவுக்குக் கூடுவதில்லை. சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,270 கி.மீ., ஃபிராங்க்ஃபர்ட்–ஜேஎஃப்கே சுமார் 6,200. மொத்தம் 16,470, ஏழு விழுக்காடு மட்டும் அதிகம். ஆனால் நேரம் கூடும். முதல் கட்டம் கணக்கில் 12.6 மணி, இரண்டாவது 7.8 மணி. இரண்டுமே மேற்கு நோக்கி என்பதால் காற்றுக்கு ஒன்று, ஒன்றரை மணி சேருங்கள். தரையில் இரண்டு மணி. ஆகப் பதினெட்டரை மணி, 24 மணியை ஒட்டி வந்துவிடுகிறது. பயணச்சீட்டில் ‘நேரடி’ என்று போட்டிருந்தால் இடைநில்லாப் பயணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வழியில் நின்றாலும் விமான எண் மாறாவிட்டால் ‘நேரடி’ என்றே போடுவார்கள்.

பயணச்சீட்டின் நேரங்கள்

ஐந்தரை மணி, ஒன்றேகால் நாள் என்ற புதிருக்கு விடை: அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரம். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் +8. நியூயார்க் குளிர்காலத்தில் −5, கோடையில் −4. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம்.

எடுத்துக்காட்டாக, ஜனவரியில் சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு, 18½ மணிப் பயணம். 12இலிருந்து 8ஐக் கழித்தால் பொது நேரம் அதிகாலை 4. அதோடு 18½ சேர்த்தால் இரவு 10:30. அதிலிருந்து 5 கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் மாலை 5:30. காகிதத்தில் ஐந்தரை மணி நேரம்! திரும்பும்போது நியூயார்க்கில் இரவு 10:30க்குப் புறப்பட்டு 18¾ மணி நேரம் என்றால், பொது நேரம் மறுநாள் அதிகாலை 3:30. 18:45 சேர்த்தால் இரவு 10:15. 8 சேர்த்தால் சிங்கப்பூரில் அதற்கும் மறுநாள் காலை 6:15. அதனால்தான் பயணச்சீட்டில் +2 என்று வருகிறது. தங்குமிடம் பதிவு செய்பவர்கள் ஒரு நாள் தவறவிடுவது இந்த +2ஐக் கவனிக்காமல்தான். பொது நேரத்தில் கணக்குப் போட்டால் பன்னாட்டுத் தேதிக் கோட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ‘பசிபிக்கைக் கடந்தோமே, ஒரு நாளைக் கூட்டவா கழிக்கவா’ என்று தனியாகச் செய்தால் இரட்டைக் கணக்காகிவிடும்.

ஐரோப்பா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கோடை நேரம் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் ஐரோப்பாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான வித்தியாசத்தில் ஒரு மணி நேரம் குறையும்.

எந்த வேலைக்கு எந்த எண்?

இழப்பீடு கேட்பதற்குப் பெருவட்டத் தூரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில் உள்ள 1,500, 3,500 கி.மீ. எல்லைகள் அதைக்கொண்டே அளக்கப்படுகின்றன. விமானம் எத்தனை சுற்றிப் போனது என்பதற்கு இடமில்லை. கார்பன் கணக்குக்குச் சற்றே கூட்டிய தூரம்: பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் கணிப்பானில் 550 கி.மீ.க்குக் குறைந்தால் 50, 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கி.மீ. சேர்ப்பார்கள். அடுத்த விமானத்தைப் பிடிக்கவோ யாரையாவது அழைத்துவர நிலையத்துக்குப் போகவோ வேண்டுமென்றால் தூரத்தை விட்டுவிடுங்கள். அந்த விமான எண்ணின் கடந்த இரண்டு வாரத்து உண்மையான வருகை நேரங்களைப் பாருங்கள். தாமதப் பெயர் வாங்காமலிருக்க நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூட்டித்தான் போடுகின்றன. 20, 30 நிமிடம் முன்னதாகவே இறங்குவது சாதாரணம். பறக்கும்போது இருக்கைத் திரையில் காட்டும் ‘மீதி நேரம்’ முதல் சில மணி நேரத்தில் ஏறி இறங்கினால் கவலைப்பட வேண்டாம். அந்த நொடியின் தரைவேகம் மாற மாற அதுவும் மாறலாம். கடைசி மூன்று மணி நேரத்தில் அது நிலைக்கும்.